தொளதொளச் சட்டையை உடம்புக்குப் பிடிப்பது: அக்குளில்தான் எல்லாம்

தோள் சரியாக உட்கார்ந்து, மார்பும் இடுப்பும் மட்டும் தொளதொளவென்று தொங்கும் முழுக்கைச் சட்டைக்கான முறை இது. தோள் தையலே கைப்பக்கம் இரண்டு விரல் இறங்கியிருந்தால் இந்த முறை உதவாது. கையைக் கழற்றி மீண்டும் வைப்பது தனி வேலை. தொடக்கத்திலேயே அதில் இறங்க வேண்டாம். புதுச் சட்டையாக இருந்தால் முதலில் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். பிடித்த பிறகு சுருங்கினால் மூச்சு முட்டும்.

சாதாரணச் சட்டைத் துணிக்கு 80 எண் மெஷின் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் நீளம் 2.5 மி.மீ. குண்டூசியில் மட்டும் நான் பிடிவாதக்காரன்: கண்ணாடித் தலை உள்ளவையே வேண்டும். பிளாஸ்டிக் தலை இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். கோடு போடச் சாதாரணச் சாக்கட்டி போதும். சூட்டில் மறையும் பேனாவை நான் வாங்குவதில்லை. கடுங்குளிர் பட்டால் மறைந்த கோடு திரும்பி வந்துவிடும்.

சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஊசி குத்துவதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் வழி. தனியாக இருப்பவருக்கு அது நடக்காது. கையைத் தூக்கிக் குத்தும்போதே அளவு மாறிவிடும். அதைவிட, உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் பழைய சட்டை ஒன்றை எடுங்கள். இரண்டையும் உள்புறம் வெளியே வரத் திருப்பி, பொத்தான் போட்டு, பழையதைப் புதியதன் மேல் விரியுங்கள். கழுத்துப்பட்டியும் தோளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். பழையதன் பக்கத் தையலை ஒட்டியே கோடு போடுங்கள். பக்கத்துக்கு 1.5 செ.மீ. உள்ளே பிடித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து 3 செ.மீ.; இரு பக்கமும் சேர்த்து 6 செ.மீ. குறைகிறது. இந்தக் கணக்கை மறந்தால் இறுக்கம் உறுதி. மார்புச் சுற்றளவைவிடச் சட்டை 8 முதல் 10 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும்.

இனி அக்குள். உடம்பின் பக்கத் தையலும் கையின் அடித்தையலும் சந்திக்கும் மூலை இது. பக்கத் தையலை மட்டும் பிடித்து அக்குளோடு நிறுத்தினால், கைக்கு அடியில் ஒரு பை தொங்கும். எனவே கோடு அக்குளைக் கடந்து கைக்குள் போய், முழங்கை வரும்போது பழைய தையலில் மெல்லக் கரைய வேண்டும். இது பலருக்கும் தெரியும். ஆனால் அழகாக இருக்கட்டும் என்று அந்த மூலையைப் பெரிய வளைவாகப் போட்டுவிடுவார்கள். மூலையைக் குறுக்கே வெட்டியதால் இடுப்பிலிருந்து மணிக்கட்டு வரையிலான அடிக்கோட்டின் நீளம் குறைகிறது. கையைத் தூக்கினால் சட்டை முழுவதும் மேலேறிக் கால்சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்துவிடும். அக்குளில் 1 செ.மீ.க்கு மேல் பிடிக்காதீர்கள். வளைவு சின்னதாக, மூலையை ஒட்டியே இருக்கட்டும். இடுப்பில் வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

கோட்டின் மேல் வேறு நிற நூலால் நீளமான ஓட்டுத் தையல் போட்டு, உடுத்திப் பாருங்கள். நின்று மட்டும் பார்த்தால் போதாது. உட்காருங்கள், கைகளை முன்னால் நீட்டுங்கள், தலைக்கு மேல் தூக்குங்கள். முதுகில் குறுக்காகச் சுருக்கம் இழுத்தால் அரை செ.மீ. விடுங்கள்.

திருப்தியானால் கெட்டித் தையல். அதற்கு முன் கீழ்மடிப்பைப் பக்கத் தையலின் இருபுறமும் 5 செ.மீ. பிரித்துவிடுங்கள், மடிப்போடு சேர்த்துத் தைத்தால் அங்கே முடிச்சுபோல் தடித்து நிற்கும். கையை உடம்போடு சேர்க்கும் தையல், புதுக் கோட்டில் முன்பக்கமும் பின்பக்கமும் நேருக்கு நேர் வரும்படி, அந்த இடத்தில் ஓர் ஊசியைச் செங்குத்தாகக் குத்திச் சரிபாருங்கள். அங்கே துணி பல அடுக்காக இருப்பதால் மெஷின் தாண்டிக் குதிக்கும். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித் தையல் தையலாக நகர்த்துங்கள். அக்குளில் மட்டும் முதல் தையலை ஒட்டி இரண்டாவது வரி போடுங்கள். பிறகு 1 செ.மீ. விட்டு மீதியை வெட்டி, ஓரத்தை ஜிக்ஜாக் அடித்து, கீழ்மடிப்பை மீண்டும் தையுங்கள். ஆசை ஆசையாக முதலிலேயே வெட்டுபவர்களை எனக்குப் பிடிக்காது. ஒருமுறை துவைத்து உடுத்திய பிறகு வெட்டினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

பின்சேர்க்கை: டி-சர்ட்டுக்கும் இதே முறையா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கோடு போடும் விதம் அதேதான், தையல் வேறு. பின்னல் துணி இழுபடும். நேர்த்தையல் இழுபடாது, அறுந்துவிடும். பின்னல் துணிக்கென விற்கும் உருண்டை முனை ஊசி போட்டு, ஒடுக்கமான ஜிக்ஜாக்கில் தையுங்கள். தைத்ததும் அந்த இடத்தை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். படக்கென்று சத்தம் கேட்டால் ஜிக்ஜாக் அகலத்தைச் சற்றுக் கூட்டி, அறுந்த இடத்துக்குச் சற்று முன்னாலிருந்தே மறுபடி தையுங்கள்.