பல் கூச்சம் எனக்கு எப்படிக் குறைந்தது

குளிர்ந்த தண்ணீர் ஒரு வாய் குடித்தாலே கீழ்ப்பல்லில் சுரீர் என்று கூசும். பல் மருத்துவரிடம் காட்டினேன். சொத்தை இல்லை, அழுத்தித் தேய்த்துத் தேய்த்து ஈறு இறங்கிவிட்டது என்றார். ஈறு விலகிய இடத்தில் பல்லைக் காக்கும் கடினமான மேலுறையான எனாமல் கிடையாது. அங்கே தெரியும் டென்டின் என்ற உள்ளடுக்கில் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. குளிர்ச்சி பட்டால் அதற்குள் இருக்கும் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது.

5 சதவீதம் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டைக் காலையும் இரவும் பயன்படுத்தச் சொன்னார். பொட்டாசியம் நரம்பை மெல்ல அமைதியாக்குகிறது. ஸ்டானஸ் ஃப்ளோரைடு, ஆர்ஜினின் உள்ளவை வேறு வகை, அவை குழாயின் வாயையே அடைக்கின்றன.

முதல் வாரம் எந்த மாற்றமும் இல்லை. விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நல்லவேளை, விடவில்லை! மூன்றாவது வாரம்தான் தண்ணீர் பயமில்லாமல் இறங்கியது. பொதுவாகவே இதற்கு 2 முதல் 4 வாரம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள்.

மென்மையான பிரஷுக்கு மாறினேன். தேய்த்த பிறகு நுரையைத் துப்புவதோடு சரி, நிறைய தண்ணீர் விட்டுக் கொப்பளிப்பதில்லை. நடுவில் பழைய பேஸ்ட்டுக்குத் திரும்பினேன், கொஞ்ச நாளில் கூச்சமும் திரும்பியது. அப்புறம் மாற்றவே இல்லை.

ஒரே ஒரு பல் மட்டும் விடாமல் வலித்தால் பேஸ்ட்டை நம்பிக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.