ஆற்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறீர்களா?

கரையில் பெரியவர்கள் பத்துப் பேர் இருக்கும்போதே பிள்ளை முங்கிப் போவதுண்டு. ஒருத்தர் சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருப்பார், ஒருத்தர் போட்டோ எடுப்பார், இன்னொருத்தர் தானே குளித்துக்கொண்டிருப்பார். தண்ணீரைப் பார்ப்பதுதான் உன் வேலை என்று எவரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடமோ, கோயில் இளைஞர் குழுவோ, தெருப் பிள்ளைகளோ, யாரைக் கூட்டிப் போனாலும் முதலில் முடிவு செய்ய வேண்டியது அந்த ஆள் யார் என்பதைத்தான். வேனும் சாப்பாடும் அப்புறம்.

தண்ணீரில் இறங்கும் ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு காவல் ஆள் போடுங்கள். பத்து வயதுக்குக் கீழே என்றால் மூன்று பேருக்கு ஒருவர். அவர் கரையில் நிற்க வேண்டும், செல்போன் வேறொருவர் கையில் இருக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். அதற்கு மேல் கண் தண்ணீர்மேல் இருக்கும், கவனம் வீட்டுக்குப் போய்விடும். நன்றாக நீச்சல் தெரிந்த ஒருவர் தனியாக, குளிக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஓட்டம் போகும் பக்கம் நிற்கட்டும்.

பிள்ளைகளை வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஜோடி சேர்த்துவிடுங்கள். விசில் ஒன்று ஊதினால் காவல் ஆளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இரண்டு ஊதினால் ஜோடியின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்ட வேண்டும். மூன்று ஊதினால் கேள்வி கேட்காமல் கரையேற வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு விசில். ஜோடி இல்லாமல் ஒரு கை நின்றால் உடனே மூன்று விசில். "அங்கேதான் இருப்பான்" என்று தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

உடுப்பிலும் விஷயம் இருக்கிறது. நீலம், வெள்ளை, பச்சை தண்ணீரில் கரைந்துவிடும். ஆரஞ்சும் பளிச் மஞ்சளும்தான் தெரியும். லுங்கி, துப்பட்டா, நீளப் பாவாடை காலைச் சுற்றும். எண்ணெய்க் குளியலைப் பிள்ளைகளுக்கு வைக்காதீர்கள். எண்ணெய் தேய்த்த மணிக்கட்டை ஆபத்து நேரத்தில் பிடித்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இடம் பார்ப்பது அடுத்து. நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் ஆறடி மூங்கில் கம்போடு முதலில் இறங்கி, குளிக்கப்போகும் இடம் முழுக்க ஊன்றிப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் குட்டையான பிள்ளைக்கு எது இடுப்போ அதுதான் எல்லை. நம் திருநெல்வேலித் தாமிரபரணியில் மணல் அள்ளிய பள்ளங்களுக்கு அறிகுறியே கிடையாது. முழங்காலளவு தண்ணீரில் நடந்துபோகிறவன் அடுத்த எட்டில் தலைக்கு மேல் போய்விடுவான். கசம் (ஆழமான மடு) எங்கே, சுழி எங்கே என்று படித்துறையில் துவைத்துக்கொண்டிருக்கிற ஆச்சியிடம் கேளுங்கள், எந்தப் பலகையையும்விடத் துல்லியமாகச் சொல்வார். பாபநாசத்தில் இன்னொரு தொல்லை உண்டு: பரிகாரத்துக்காக ஆற்றில் விட்ட துணிகள் அடியில் பாறையிடுக்கில் சிக்கிக் கிடக்கும், காலைப் பிடித்துக்கொள்ளும். சுத்தமல்லி, மருதூர் போன்ற அணைக்கட்டுகளுக்கு நேர் கீழே இறங்கவே கூடாது. வழிந்து விழும் தண்ணீர் ஆளை மறுபடி சுவர்ப் பக்கமே இழுத்துப் புரட்டும், நீச்சல்காரனாலும் வெளியே வர முடியாது.

நம் பக்கம் வெயில் அடிக்கும்போதே ஆறு பிறக்கும் பொதிகை மலைமேல் மழை கொட்டும். அதனால் இறங்கின உடன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி வையுங்கள். நான்கு விரற்கடை ஏறினால் எல்லாரும் வெளியே. தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ குச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் அணை திறப்பு அறிவிப்பைக் கேட்காமல் புறப்படாதீர்கள். அருவியில் குளிக்க வனத்துறை தடை போட்டிருந்தால் செக்போஸ்ட்டில் கெஞ்சிக்கொண்டு நிற்காமல் வண்டியைத் திருப்புங்கள். வெள்ளம் மேலிருந்து கல்லையும் கட்டையையும் சேர்த்துத்தான் கொண்டுவரும்.

முங்குகிறவன் சினிமாவில் வருவதுபோல் கத்த மாட்டான். வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழுமாகப் போகும்போது மூச்சு விடவே நேரம் பற்றாது, கத்துவது எங்கே? தலை பின்னால் சாய்ந்திருக்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். விளையாடுகிறான் என்றுதான் தோன்றும். ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடுவான்.

அவனைக் காப்பாற்றக் குதிக்கிற கூட்டாளிதான் இரண்டாவதாகப் போகிறவன். கைகோத்துச் சங்கிலியாக நிற்பதும் அப்படியே, ஒருவன் சறுக்கினால் வரிசையே போகும். "கத்து, எறி, குதிக்காதே" என்று பிள்ளைகளை வாய்விட்டுச் சொல்லவையுங்கள். எறிவதற்கு ஐந்து லிட்டர் கேன் ஒன்று போதும். வெறும் கேன் காற்றில் திரும்பி வரும் என்பதால் அரை லிட்டர் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கி, கைப்பிடியில் 15 மீட்டர் மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு கட்டுங்கள். ஆளின் தலையைத் தாண்டி எறிய வேண்டும், அப்போதுதான் கயிறு அவன் கைக்குக் கிடைக்கும். எறிகிறவர் உட்கார்ந்து காலை ஊன்றிக்கொள்ளட்டும். கயிற்றைக் கையில் சுற்றக் கூடாது. முந்தின நாள் தெருவில் பத்துத் தடவை எறிந்து பழகினால்தான் ஆற்றங்கரையில் கை ஒத்துழைக்கும்.

தூக்கின பிள்ளைக்கு மூச்சில்லை என்றால் வயிற்றை அமுக்காதீர்கள், தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள். ஊர்ப்பக்கம் இன்னும் செய்கிறார்கள். அதில் நேரம்தான் போகும், வயிற்றில் இருப்பது வாந்தியாக வந்து மூச்சுக்குழாயை அடைக்கும். மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். அசைவு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், பிறகு இரண்டு ஊதல், இப்படியே விடாமல். நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம், ஆழம் நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு. அதற்குள் இன்னொருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். மலைப்பக்கம் காரையாறு, மாஞ்சோலையில் சிக்னலை நம்ப முடியாது, எங்கே டவர் கிடைக்கும் என்று போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்புக்கடிக்கும் இதே அவசரம்தான்: கட்டுப்போட்டு இறுக்காமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையவிடாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு. வலிப்பு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் பெயரையும் மருந்தையும் பெற்றோரிடம் முன்னமே எழுதி வாங்கியிருக்க வேண்டும். வலிப்பு உள்ள பிள்ளைக்கு ஆறு வேண்டாம், செம்பில் மொண்டு குளிக்கட்டும்.

முங்கி எழுந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும் வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொடுக்கும். பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் என்றால் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை, திருநெல்வேலி நகரத்துப் பக்கம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை. டாக்டர் பார்த்து அனுப்பின பிறகுதான் வீட்டுக்கு.