வார்னிஷ் போட்டும் வேர்ட்பிரஸ் வேகமாகவில்லையா? குக்கியைப் பாருங்கள்

உபுண்டு சர்வரில் அப்பாச்சியும் வேர்ட்பிரஸும் ஏற்கெனவே ஓடுகின்றன, எஸ்எஸ்எச் வழியே உள்ளே போகத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வாசகர் வரும்போதெல்லாம் வேர்ட்பிரஸ் அதே பக்கத்தைப் புதிதாகச் சமைக்கிறது. வார்னிஷ் முன்னால் நின்று, சமைத்ததை நினைவகத்தில் வைத்து (இதுதான் கேஷ்) அடுத்தவருக்குப் பரிமாறிவிடும். நார்வேயின் ‘வெர்டென்ஸ் காங்’ செய்தித்தளத்துக்காக உருவாகி 2006-இல் வெளிவந்த மென்பொருள் இது. அப்பாச்சி போன்ற இன்னொரு வெப்சர்வரான எஞ்சின்எக்ஸிலும் கேஷ் உண்டு. விதிகளை நிரல்போல எழுதலாம் என்பதால் என் ஓட்டு வார்னிஷுக்கே.

1. அப்பாச்சியை 80-லிருந்து 8080 போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

2. ஆப்ட் மூலம் வார்னிஷை நிறுவுங்கள். அது இயல்பாக 6081 போர்ட்டில் காத்திருக்கும். 80-க்கு மாற்ற வேண்டும். பழைய கட்டுரைகள் சொல்லும் ‘டிஃபால்ட்’ கோப்பைத் திருத்திப் பயனில்லை, சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டி அதைக் கண்டுகொள்ளாது. ‘சிஸ்டம்சிடிஎல் எடிட் வார்னிஷ்’ கொடுங்கள். ‘எக்ஸெக்ஸ்டார்ட்’ வரியை முதலில் வெறுமையாக எழுதி, அதன் கீழே புது வரியை எழுதுங்கள். அந்த வெறும் வரி இல்லையென்றால் சர்வீஸ் கிளம்பாது.

3. இப்போது குக்கி, அதாவது தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் சிறு குறிப்பு. கோரிக்கையில் எந்தக் குக்கி இருந்தாலும் வார்னிஷ் கேஷைத் தொடாமல் அப்பாச்சிக்கே அனுப்பிவிடும். கூகுள் அனலிட்டிக்ஸ் போட்ட தளத்தில் இரண்டாவது பக்கம் திறப்பவர் எல்லோரிடமும் குக்கி இருக்குமே! கட்டளைவரியிலிருந்து பக்கத்தை எடுக்கும் கர்ல் வைத்துச் சோதித்தால் இது தெரியாது; கர்ல் குக்கி அனுப்பாது, எல்லாம் கேஷிலிருந்து வருவதுபோலவே காட்டும். பிரவுசரின் நெட்வொர்க் பகுதியில் பதிலோடு வரும் ‘ஏஜ்’ தலைப்பை (ஹெடர்) பாருங்கள். ரீலோட் செய்யச் செய்ய எண் ஏறினால் கேஷ், 0-விலேயே நின்றால் இல்லை.

வார்னிஷின் விதிகளை எழுதும் விசிஎல் கோப்பில் கோரிக்கை நுழையும் பகுதியில் குக்கியை நீக்குங்கள். நிர்வாகப் பக்கம், லாகின் பக்கம், லாகின் செய்தவரின் குக்கி மூன்றுக்கும் விலக்கு கொடுங்கள். கடை நடத்தும் தளமென்றால் கூடைக் குக்கிக்கும் விலக்கு தேவை.

அப்புறமும் 0-தானா? ஏதோ பிளகின் பிஎச்பி செஷன் தொடங்குகிறது. பதிலில் காலாவதித் தேதி 1981 நவம்பர் 19 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், செஷன் தானாகப் போடும் தேதி அது. பிளகின்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

4. கேஷ் ஆயுள் இயல்பாக 120 விநாடி. செய்தித்தளம் அல்லாதவர்கள் தாராளமாகக் கூட்டலாம்.

பிற்சேர்க்கை: எச்டிடிபிஎஸ் போட்டதும் பக்கம் திறக்காமல் தன்னையே திரும்பத் திரும்ப அழைத்துச் சுற்றுகிறது என்று பின்னூட்டத்தில் பலர் கேட்டிருக்கிறீர்கள். எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443 போர்ட்டில், வார்னிஷுக்கும் முன்னால் எஞ்சின்எக்ஸை வைத்திருப்பீர்கள். பின்னால் இருக்கும் வேர்ட்பிரஸுக்கு வெறும் எச்டிடிபிதான் தெரிகிறது. ‘எக்ஸ் ஃபார்வர்டட் புரோட்டோ’ தலைப்பை எஞ்சின்எக்ஸ் அனுப்பட்டும். அது வந்தால் எச்டிடிபிஎஸ் என்று எடுத்துக்கொள்ளும்படி வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் ஒரு நிபந்தனை எழுதிவிட்டு, வார்னிஷை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்யாவிட்டால் சுற்றவைக்கும் பழைய பதில் கேஷிலேயே உட்கார்ந்திருக்கும்.