இறக்கை கழற்றி லாரியில் ஏற்றுவது முதல் மழைக்கால அடைப்பு வரை: குமரி மாவட்டத்தில் அல்ட்ராலைட் வைத்திருப்பவர்களுக்கு

அலுமினியக் குழாயும் டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியுமாக வீட்டில் பூட்டிய அல்ட்ராலைட் எனும் எடை குறைந்த சிறு விமானம் வானத்தில் கெடுவதைவிட லாரியிலும் கொட்டகையிலும் கெடுவதுதான் அதிகம். குமரி மாவட்டத்தில் கேட்கவே வேண்டாம். உப்புக்காற்று எட்டாத ஊர் குறைவு, இரண்டு பருவமழையும் பெய்கிறது, மாவட்டத்துக்குள் விமானதளமும் கிடையாது. பறக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் கழற்றி, ஏற்றி, அனுமதியுள்ள ஓடுதளத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டியாக வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது மேலிறக்கை, இரு பக்கமும் தாங்கு குழாய், கழற்றக்கூடிய இறக்கைகள், ரோட்டாக்ஸ் 503 இன்ஜின் கொண்ட வகை. உங்களுடையது வேறு மாதிரி என்றால் அளவுகள் மாறும், முறை மாறாது. கையேட்டில் ஒன்றும் இங்கே வேறொன்றும் இருந்தால் கையேடு சொல்வதே சரி.

சட்டம் பற்றி ஒரே பத்தி. அமெரிக்காவில் 254 பவுண்டுக்குள், அதாவது ஏறக்குறைய 115 கிலோவுக்குள் வெற்று எடையுள்ள ஒற்றை இருக்கை விமானத்தைப் பதிவும் உரிமமும் இல்லாமல் ஓட்டலாம். அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் பதிவும் அனுமதியும் வேண்டும். பக்கத்திலேயே கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் இருக்கின்றன. தென்னந்தோப்பு ஓரத்து வயலில் இருந்து கிளப்பலாம் என்ற ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள்.

படி 1: ஸ்பானர் முதலில்

விமான போல்ட்டுகள் அங்குல அளவு; ஏஎன் என்பது அவற்றின் தரக்குறி, அடுத்து வரும் எண் பருமன். ஏஎன்-3 போல்ட்டுக்கு 3/8 அங்குல ஸ்பானர், ஏஎன்-4 போல்ட்டுக்கு 7/16. 3/8 என்பது 9.5 மி.மீ. 10 எம்எம் ஸ்பானரைப் போட்டால் பிடிப்பதுபோல் பிடித்து மூலையைத் தின்றுவிடும். 7/16 என்பது 11.1 மி.மீ., அதற்கு 11 எம்எம்மை நம்ப முடியாது. நாகர்கோவில் கடைகளில் எம்எம் செட்டைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அங்குல செட் என்று கேட்டு வாங்குங்கள். டபாரியா கம்பெனி செட் போதும், வெளிநாட்டு ஸ்பானருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். மிச்சப்படுத்திய காசில் இறுக்கத்தை அளந்து காட்டும் சிறிய டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். லாரி வீல் நட்டுக்கு உள்ள பெரிய ரெஞ்ச் இங்கே உதவாது. சாதாரணமாக ஏஎன்-3 நட்டுக்கு 2.3 முதல் 2.8 நியூட்டன்-மீட்டர், ஏஎன்-4 நட்டுக்கு 5.6 முதல் 7.9 வரைதான் இறுக்கம். வெறும் குழாயை ஊடுருவிப் போகும் போல்ட்டில் அவ்வளவுகூட வேண்டாம். குழாய் நசுங்கும் முன்பே நிறுத்த வேண்டும்.

படி 2: கழற்றுதல்

டேங்கைக் காலி செய்யுங்கள், பேட்டரி வயரை எடுங்கள். வால் பகுதியை முதலில் கழற்றுங்கள், இறக்கை அப்புறம். இறக்கைக்கு மூன்று பேர் வேண்டும்: நுனியில் ஒருவர், உடலோடு சேரும் அடிப்பகுதியில் ஒருவர், இணைப்பு ஊசியான பின்னை எடுக்க ஒருவர். நுனியைப் பிடித்திருப்பவர் சற்றே மேலும் கீழும் அசைத்துக் கொடுத்தால் பின் தானாக நழுவி வரும். வரவில்லையென்று சுத்தியலால் அடித்தால் துளை முட்டை வடிவாகும். அதை மாற்றுவது பெரிய வேலை.

எடுத்த போல்ட்டை டப்பாவில் கொட்டாதீர்கள். எந்தத் துளையில் இருந்ததோ அதே துளையில் திரும்பப் போட்டு, நட்டைக் கையால் திருகி விடுங்கள். நீளத்தில் 1/8 அங்குல வித்தியாசம் உள்ள இரண்டு போல்ட் இடம் மாறினால் ஒன்றில் மரை குழாய்க்குள் உட்காரும், மற்றதில் நட்டு இறுகியதுபோல் காட்டி ஏமாற்றும்.

கட்டுப்பாட்டுக் கம்பிகளின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் திருகான டர்ன்பக்கிளை முழுதாகப் பிரிக்காதீர்கள். பிரிக்காமல் முடியாது என்றால் எத்தனை சுற்று என்று டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள்.

படி 3: லாரியில் ஏற்றுதல் (அவசரப்படாமல் படியுங்கள்)

கார் பின்னால் டிரெய்லர் இழுக்கும் படங்களை மறந்துவிடுங்கள். அதற்குத் தனிப் பதிவு வேண்டும், மார்த்தாண்டம், தக்கலை கடைத்தெருவில் நீளமான டிரெய்லரைத் திருப்புவதும் நடக்காது. 17 அடி பாடி உள்ள ஐச்சர் வண்டிதான் என் சிபாரிசு. பத்து மீட்டர் விரிவுள்ள விமானத்தின் ஒரு பக்க இறக்கை ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், 17 அடி என்பது 5.18 மீட்டர். டாடா ஏஸில் பாதிகூட உள்ளே போகாது. வாடகை பேசுமுன் இரண்டு அளவை நாடா வைத்துப் பாருங்கள்: பாடியின் உள்ளகலம், உங்கள் சக்கரங்களின் வெளியகலம். நீளத்தில் சிக்குபவர்களைவிட அகலத்தில் சிக்குபவர்களே அதிகம்.

இறக்கையைப் படுக்க வைக்கக் கூடாது. முன்விளிம்பு கீழே, பின்விளிம்பு மேலே, அடிப்பகுதி டிரைவர் கேபின் பக்கம் இருக்கும்படி பக்கப்பலகையை ஒட்டி நிறுத்த வேண்டும். கீழே தொட்டில் இரண்டு. 18 மி.மீ. பிளைவுட்டில் முன்விளிம்பின் வளைவை வரைந்து வெட்டி, 25 மி.மீ. ரப்பர் ஃபோம் ஒட்டி, மேலே பழைய கார்பெட் துண்டு. ரிப் என்பது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்; ஒரு தொட்டில் அடி ரிப்பின் கீழே, இன்னொன்று நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய ரிப்பின் கீழே. ரிப் இல்லாத இடத்தில் தொட்டில் உட்கார்ந்தால் முன்விளிம்புக் குழாய் தனியாகப் பாரம் தாங்கும், நெடுஞ்சாலையின் முதல் வேகத்தடையிலேயே பள்ளம் விழும்.

ஊரில் கயிறு மலிவு என்று தேங்காய்நார்க் கயிறோ நார்மெத்தையோ வைக்காதீர்கள். நார் துணியை அராவும், ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சைக்கிள் டியூப் துண்டுகள் நல்லவை.

இனி கட்டுவது. சுமை ஏற்றும் அண்ணன்மார்களுக்குப் பழக்கமெல்லாம் இறுக்கிக் கட்டுவதுதான். செங்கலுக்கும் வாழைத்தாருக்கும் அது சரி. ராட்செட் பெல்ட்டின் கைப்பிடியை நாலு தடவை இழுத்தால் நூற்றுக்கணக்கான கிலோ இழுவிசை சேர்ந்துவிடும், கையில் அது தெரியவே தெரியாது. அது அலுமினியக் குழாயில் லேசான ஒரு பள்ளத்தை உண்டாக்கும். துணிக்குள் இருப்பதால் கண்ணில் படாது. அமுக்கு விசை வாங்கும் குழாயில் சுவர் சற்று உள்வாங்கினாலே போதும், பாரம் வரும்போது குழாய் அந்த இடத்தில்தான் மடங்கும். பெயின்ட் போகவில்லை, கீறல் இல்லை என்பது இங்கே ஆறுதல் அல்ல.

ஆகவே விதி இது: இறக்கையைப் பிடித்து நிறுத்துவது தொட்டிலின் வடிவம், கயிறு சாயாமல் பார்த்துக்கொள்ள மட்டும். ஐந்து சென்டிமீட்டர் அகலத் துணிப்பட்டையை ரிப் இருக்கும் இடத்தில் சுற்றிப் பக்கப்பலகையில் கட்டுங்கள். கட்டியபின் விரலால் அழுத்தினால் பட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். போகவில்லையா, தளர்த்துங்கள். தொட்டில்களை மட்டும் மரச்சட்டம் போட்டு லாரித் தளத்தோடு இறுக்கமாகப் பிணையுங்கள், அதற்கு ராட்செட் தாராளமாகப் போடலாம்.

உடற்பகுதிக்கு ராட்செட் சக்கர அச்சில் மட்டும். வால்குழாய்க்குக் குறுக்கே எந்தக் கயிறும் போகக் கூடாது. அதற்கு ஃபோம் வைத்த தாங்கி போதும். எலிவேட்டர் (வாலின் மேல்-கீழ் மடல்), அய்லரான் (இறக்கையின் பின்விளிம்பு மடல்), ரடர் (வாலின் இட-வல மடல்) மூன்றையும் அசையாமல் பூட்டுங்கள். அசைந்துகொண்டே போனால் கீல்கள் தேய்ந்து கடகடவென்று ஆகிவிடும். தார்ப்பாய் போடுவதானால் துணியைத் தொடாமல் சட்டத்தின் மேல் போடுங்கள். காற்றில் படபடக்கும் தார்ப்பாய் ஒரே பயணத்தில் டேக்ரானைத் தேய்த்துவிடும்.

நாகர்கோவிலில் இருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடக்க வேண்டும். முப்பந்தலில் காற்றாலைகளை நட்டிருப்பதே அங்கே காற்று அப்படி என்பதால். ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் அங்கே திறந்த லாரியில் இறக்கையை நிறுத்திக்கொண்டு போவது வேண்டாத வேலை. தென்மேற்குக் காலத்தில் போயே ஆக வேண்டுமென்றால் விடியுமுன் கடந்துவிடுங்கள். டிரைவரிடம் நாற்பதுக்கு மேல் போக வேண்டாம் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். கணவாய் தாண்டியதும் வண்டியை நிறுத்தி எல்லாக் கட்டுகளையும் கையால் தொட்டுப் பாருங்கள்.

படி 4: திரும்பப் பூட்டுதல்

ஒவ்வொரு துளையிலும் அதே அளவு டிரில் பிட்டின் தண்டை விட்டுப் பாருங்கள். எந்தத் திசையிலாவது ஆடினால் துளை நீண்டிருக்கிறது. நைலான் வளையமுள்ள நட்டு வெறும் விரலால் திருகி முழுதாக இறங்கினால் அது செத்த நட்டு, குப்பையில் போடுங்கள். சுழலும் இணைப்புகளில் நைலான் நட்டே கூடாது, காடி வெட்டிய நட்டும் அதன் குறுக்கே செருகி மடக்கும் காட்டர் பின்னும்தான்.

டர்ன்பக்கிள் உருளைக்கு வெளியே மூன்று மரைக்கு மேல் தெரியக் கூடாது. பிறகு அது தானாகச் சுழலாதபடி பாதுகாப்புக் கம்பி சுற்றுங்கள். கட்டுப்பாட்டுக் கம்பிகளைப் பழைய பருத்தித் துணியால் பிடித்து உருவுங்கள், அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். கப்பி மேல் ஓடும் இடங்களில் இன்னும் மெதுவாக உருவுங்கள்.

கடைசியில் கட்டுப்பாடுகளின் திசை. ஸ்டிக்கைக் கட்டைவிரல் மேலே நிற்கும்படி பிடித்து ஒரு பக்கம் சாயுங்கள். கட்டைவிரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்க அய்லரான் மேலே எழ வேண்டும். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் எலிவேட்டர் மேலே. வலது பெடலை மிதித்தால் ரடரின் பின்விளிம்பு வலப்பக்கம். அசைகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது, எந்தப் பக்கம் அசைகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பூட்டாத இன்னொருவர் அதைத் தனியாக ஒரு தடவை பார்க்கட்டும். பூட்டியவன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

படி 5: உப்பைக் கழுவுதல்

நல்ல தண்ணீரால் கழுவுங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். எது நல்ல தண்ணீர்? கடலோர போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் உப்பை மறுபடி பூசியதாகும். ஆர்ஓ மெஷின் சர்வீஸ் செய்பவர்கள் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள். மழைநீர் சேமித்திருந்தால் அதைவிட நல்லது இல்லை. பிரஷர் வாஷர் வேண்டாம், அது உப்பைக் குழாய்ச் செருகல்களுக்குள் தள்ளிவிடும். வாளி, மென்மையான துணி, கடைசியில் காற்றடித்து உலர்த்தல்.

உலர்ந்தபின் இணைப்புகளில் ஏசிஎஃப்-50 போன்ற துருத்தடுப்பு எண்ணெய். டபிள்யூடி-40 தண்ணீரைத் துரத்த நல்லது, ஆனால் மாதக்கணக்கில் காவல் நிற்காது. எஃகுக் குழாய் சட்டமானால் உட்புறத்தில் லின்சீட் ஆயில் ஊற்றிச் சுழற்றி வடியவிட்டு, துளைகளை அடைத்துவிடுங்கள்.

குளச்சல், முட்டம், சின்னமுட்டம் துறைமுகப் பக்கம் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் போடலாமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. கூடாது. சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் ஏஎன் போல்ட் அளவு வலு இல்லாதது. தவிர, அலுமினியத்தோடு உப்பீரத்தில் சேர்ந்தால் அலுமினியத்தைத்தான் அரிக்கும். துருப்பிடிக்காத போல்ட் பளபளவென்று இருக்கும், சுற்றியுள்ள குழாய் வெள்ளைப் பொடியாக உதிரும்.

படி 6: இன்ஜினை அடைத்து வைத்தல்

வள்ளங்களின் அவுட்போர்டு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு டூ-ஸ்ட்ரோக்கும் தெரியும், உப்பும் தெரியும். கார்புரேட்டர் வேலைக்கு அவர்களைத் தாராளமாக நம்பலாம். பெட்ரோல் குழாயில் கையால் அமுக்கும் பல்பும் அங்கே கிடைக்கும். ஆனால் அவர்களுடைய ஆயிலை வாங்காதீர்கள். டிசி-டபிள்யூ3 என்று எழுதிய ஆயில் கடல்நீரில் குளிரும் இன்ஜினுக்கானது. காற்றில் குளிரும் 503-க்குச் சூடு அதிகம், ஏபிஐ டிசி தர ஆயில்தான் வேண்டும். கலவை 50-க்கு 1: இருபது லிட்டருக்கு 400 மில்லி.

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயையும் பம்ப் டயாஃப்ரத்தையும் ஊற வைக்கும், ஃபைபர் டேங்கின் ரெசினையும் சில சமயம் இளக்கும். தண்ணீர் விட்டுக் குலுக்கி எத்தனாலைப் பிரித்தெடுக்கும் வித்தையைச் செய்யாதீர்கள், ஆக்டேனும் சேர்ந்து இறங்கிவிடும். உங்கள் இன்ஜின் எவ்வளவு எத்தனால் தாங்கும் என்பதைத் தயாரிப்பாளரின் அறிவிப்பில் பார்த்தபின் நிரப்புங்கள். குழாய்களை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் பேரிங்குகளுக்குத் தனி ஆயில் குளம் கிடையாது, பெட்ரோலோடு வரும் ஆயில்தான் எல்லாம். இன்ஜின் நின்றபின் அந்தப் படலம் மெலிந்து, நம் ஊர் ஈரத்தில் பேரிங் துருப்பிடிக்கும். எனவே ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே படலமாகப் படிந்து துருவைத் தடுக்கும் ஃபாகிங் ஆயிலைக் கார்புரேட்டர் வாய் வழியாக அடித்து, புகை கக்கி அணையவிடுங்கள். கார்புரேட்டர் பவுலைக் காலி செய்யுங்கள். ஏர் ஃபில்டரையும் சைலன்சர் வாயையும் பாலித்தீனால் மூடி, சிவப்பு நாடா தொங்கவிடுங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை புரொப்பல்லரைக் கையால் சுற்றிவிடும் வழக்கம் வேண்டாம். சுற்றினால் இருக்கும் ஆயில் படலமும் வழித்துப் போகும்.

கொட்டகை

தோவாளை, பூதப்பாண்டிப் பக்கம் இடம் கிடைத்தால் கடற்கரையைவிட நல்லது. வெளிச்சம் வேண்டுமென்று கூரையில் கண்ணாடி மாதிரி ஃபைபர் ஷீட் போடாதீர்கள், டேக்ரானுக்கு வெயில்தான் எமன். காற்றுவேகம் அளக்கும் பிட்டோ குழாய், டேங்க் காற்றுத்துளை இரண்டையும் மூடுங்கள். குளவி ஒரே நாளில் மண் வைத்து அடைத்துவிடும். காற்றுத்துளை அடைந்த டேங்கில் இருந்து பெட்ரோல் சில நிமிடம் வரும், பிறகு நிற்கும். அதுவும் கிளம்பி மேலே போனபின் நிற்கும்.

மர புரொப்பல்லர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று கூடுதல். ஐப்பசி மழையில் மரம் ஊதும், மாசி வெயிலில் சுருங்கும். ஊதியிருந்தபோது இறுக்கிய போல்ட் சுருங்கியபின் தளர்ந்து நிற்கும். மழை முடிந்து முதல் தடவை இன்ஜினைக் கிளப்புமுன், புரொப்பல்லர் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு எதிரெதிர் போல்ட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்கி, நுனிகள் இரண்டும் ஒரே கோட்டில் சுற்றுகின்றனவா என்று தரையில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். பார்க்கும்போது ஸ்பார்க் பிளக்குகள் கழற்றி வெளியே இருக்கட்டும்.