‘நைஸ்’ என்றால் முட்டாள்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ நாடகத்தின் கடைசி அங்கத்தில் ஒரு கடிதம் போய்ச் சேராமல் திரும்பி வந்துவிடும். அதை எழுதிய பாதிரியார் பதறிப்போய், ‘த லெட்டர் வாஸ் நாட் நைஸ்’ என்பார். கடிதம் நன்றாக இல்லையாம் என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பிறகுதான் உறைத்தது. அது அற்பமான கடிதம் இல்லை, தலைபோகிற விஷயம் என்கிறார் அவர். 1590களில் ‘நைஸ்’ என்ற சொல்லுக்கு அற்பம் என்றும் பொருள் இருந்தது.

அதே சொல்லை வைத்து, ஒரு சொல்லின் பிறப்பு வளர்ப்பைத் தேடிப் பார்ப்போம்.

படி 1: தெரிந்ததை முதலில் எழுதுங்கள்

அகராதியை இப்போதே திறக்க வேண்டாம். அந்தச் சொல் வரும் வாக்கியங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ‘நைஸ் டே’ என்றால் இனிமையான நாள். ‘நைஸ் மேன்’ என்றால் அன்பான மனிதர். ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்றால் இதமான சூடு. கையிலிருந்த கோப்பையைப் போட்டு உடைத்தவரிடம் ‘நைஸ்!’ என்றால் அது கிண்டல். ‘நைஸாக நழுவிவிட்டான்’ என்பது தமிழ்க்காரர்கள் வளர்த்த பொருள், அதை இந்தத் தாளில் சேர்க்காதீர்கள்.

படி 2: அகராதியில் சொற்பிறப்புப் பகுதியைப் பாருங்கள்

பெரும்பாலும் சதுர அடைப்புக்குறிக்குள் சிறிய எழுத்தில் இருக்கும். மொழிகளின் பெயர்களைச் சுருக்கித்தான் போட்டிருப்பார்கள். சுருக்கங்களின் பட்டியல் அகராதியின் முன்பக்கங்களில் கிடைக்கும்.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எல்லா அகராதியிலும் முதலில் வரும் பொருள்தான் இன்று அதிகம் புழங்குவது என்று நினைக்காதீர்கள். 1884இல் வெளிவரத் தொடங்கி 1928இல் முதல் பதிப்பு நிறைவடைந்த பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, பொருள்களை வரலாற்று வரிசையில், பழைய மேற்கோள்களோடு அடுக்கியிருக்கும். அதன் முதல் பொருளை எடுத்து இன்று ஒருவரைப் பாராட்டினால் வம்புதான்.

படி 3: வேரைப் பிரியுங்கள்

‘நைஸ்’ வந்தது லத்தீனின் ‘நெஸ்கியுஸ்’ என்ற சொல்லிலிருந்து. ‘நெ’ என்றால் இல்லை, ‘ஸ்கீரெ’ என்றால் அறிதல். ஆக, அறியாதவர். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதன் பொருள் முட்டாள். வேடிக்கை என்னவென்றால், ‘சயின்ஸ்’ பிறந்ததும் அதே ‘ஸ்கீரெ’யிலிருந்துதான். நைஸும் சயின்ஸும் பங்காளிகள்!

படி 4: நடுவில் உள்ள படிகளைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. முட்டாள் ஒரே தாவலில் நல்லவர் ஆகிவிடவில்லை. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் எதற்கெடுத்தாலும் குறை காண்பவர், அலட்டிக்கொள்பவர் என்ற பொருள் வந்தது. அப்படிப்பட்டவர் கண்ணுக்குச் சின்ன வேறுபாடும் தப்பாதல்லவா? 16ஆம் நூற்றாண்டில் நுட்பமான, துல்லியமான என்ற பொருள் சேர்ந்தது. ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்றால் நுண்ணிய வேறுபாடு என்று இன்றும் எழுதுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் இனிமையான, 19ஆம் நூற்றாண்டில் அன்பான என்று ஆனது.

பழைய பொருள் செத்த பிறகுதான் புதியது பிறக்கும் என்றில்லை. 16, 17ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் எந்த ‘நைஸ்’ என்று பல இடங்களில் பிரித்தறியவே முடியாது. முன்பின் வரிகளைப் படிக்காமல் பொருள் சொல்லாதீர்கள்.

நமக்கு இது புதிதில்லை. 1274ஆம் குறள் ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்கிறது. மொட்டுக்குள் இருக்கும் நறுமணத்தைத்தான் வள்ளுவர் நாற்றம் என்கிறார். இன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்துகிறோம். நைஸ் ஏறிய ஏணியில் நாற்றம் இறங்கியிருக்கிறது.

படி 5: கதைகளை நம்பாதீர்கள்

‘நியூஸ்’ என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகிய திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் என்று சொல்வார்கள். இல்லை. புதியது என்று பொருள்படும் ‘நியூ’வின் பன்மைதான் அது. கேட்க அழகாக இருக்கும் கதையை இன்னொரு அகராதியிலும் சரிபாருங்கள்.

படி 6: பழகிப் பாருங்கள்

முதல் சந்திப்பில் ‘நைஸ் டு மீட் யூ’. அதே ஆளை மறுபடி பார்க்கும்போது ‘நைஸ் டு சீ யூ’. கட்டுரை எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கட்டும். எல்லாவற்றையும் நைஸ் என்பதை ஜேன் ஆஸ்டின் ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் ஒரு பாத்திரத்தின் வாயால் நன்றாகவே கேலி செய்திருக்கிறார். அது வெளிவந்தது 1817இன் கடைசியில்.

சரி, அடுத்து ‘சில்லி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அசடு என்று இன்று பொருள்படும் அந்தச் சொல், பழைய ஆங்கிலத்தில் பாக்கியம் பெற்றவரைக் குறித்தது. நடுவில் இரண்டு மூன்று படிகள் உண்டு, ஒன்றில் ‘அப்பாவி’ நிற்கிறார். மற்றவை உங்கள் தாளுக்கு.