பிரெட்செல்லுக்கான காஸ்டிக் சோடா: வாங்குவதும் வீடு சேர்ப்பதும்

முடிச்சு வடிவ ஜெர்மானிய ரொட்டியான பிரெட்செல்லின் கரும்பழுப்பு மேலோட்டிற்குக் காரணம், சுடுவதற்கு முன் மாவை முக்கியெடுக்கும் 3 முதல் 4 சதவீத காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு என்னும், தோலையும் அரிக்கும் வேதிப்பொருள்) கரைசல். ராணிப்பேட்டை, ஆம்பூர் எனத் தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த வேலூரில், ஆலைகளுக்கென விற்கப்படுவதையோ சாக்கடை அடைப்பு நீக்கும் தூளையோ மலிவு என்பதற்காக வாங்கிவிடக் கூடாது. அவற்றில் கலந்துள்ள மாசுகள் உணவில் சேரத் தகாதவை. உறையில் உணவுத்தரம் என்ற குறிப்பும், 524 என்ற சேர்பொருள் எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, முத்திரை பிரிக்காத டப்பாவாகவே வாங்குங்கள்.

நான் மிகவும் அஞ்சுவது பாத்திரம் மாற்றுவதைத்தான். ஜவ்வரிசியைப் போல வெண்மணிகளாக இருக்கும் இதைப் பெயரில்லாத டப்பாவில் போட்டால், வீட்டுப் பெரியவர்கள் ஜவ்வரிசி என்றே எடுத்துவிடக்கூடும். அலுமினியத் தூக்கில் வைத்தாலோ, ஈரம் பட்டதும் உலோகத்தை அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும்.

காட்பாடியிலிருந்து கூட்டமான பேருந்தில் கொண்டுவர வேண்டாம். ஸ்கூட்டரில் வருவதானால், டப்பாவைத் தடித்த பாலிதீன் பையில் கட்டி, பிளாஸ்டிக் வாளிக்குள் நிமிர்த்தி, காய்கறியோடு சேராமல் வையுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரும் உடனிருக்கட்டும். தோலில் சிந்தினால் மணிகளைத் தட்டிவிட்டு, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். வினிகர் ஊற்றக் கூடாது. கண்ணில் பட்டால் கழுவத் தொடங்கியபடியே 108-ஐ அழையுங்கள்.

கரைக்கும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, குளிர்ந்த நீரில்தான் மணிகளைச் சிறிது சிறிதாக இட வேண்டும்; மணிகளின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.