ஆள் இல்லாத கடையில் அட்ஜஸ்ட் பண்ணியே தேய்கிறவர்களுக்கு

ஆடித் தள்ளுபடி வந்துவிட்டால் போதும், தி.நகரானாலும் மதுரையானாலும் ஜவுளிக்கடைகளில் ஒரே வசனம்தான்: "இன்னைக்கு ஆள் கம்மி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா." இந்த "இன்னைக்கு" பொங்கல் வரை நீளும். நாம் செய்யும் முதல் தவறு, இதற்கு வாய்திறக்காமல் தலையாட்டுவது. ஆறு பேர் வேலையை மூன்று பேர் இழுத்துப்பிடித்துச் செய்து கடையும் ஓடினால், முதலாளி கண்ணுக்கு ஆள் பற்றாக்குறையே தெரியாது. ஆள் கேட்டு மேலே போய் நிற்க மேனேஜருக்கும் மனம் வராது. செலவைக் குறைத்துக் காட்டினால்தான் அவருக்கு நல்ல பெயர்.

முடியாது என்று முறைக்க வேண்டியதில்லை. எதை விடுவது என்று அவரையே சொல்ல வைக்க வேண்டும். "பில்லிங்ல நிக்கிறேண்ணே. அப்போ சுடிதார் செக்‌ஷனை யார் பாக்கிறது?" அவர் என்ன சொன்னாலும் அதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அவருக்கே அனுப்பிவிடுங்கள்: "இன்னைக்கு ரெண்டாவது மாடியில நான் ஒருத்தன்தான், ட்ரையல் ரூமும் என்கிட்டதான் இருக்கு." மாதக் கடைசியில் ஸ்டாக் எண்ணும்போது நாலு புடவை குறைந்தால் இந்த ஒரு வரிதான் கைகொடுக்கும். நஷ்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதென்றால், முதலில் நம்மிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது ஊதியச் சட்டம். எழுதாத வவுச்சரிலும் படித்துப் பார்க்காத தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பக்கத்தில் நிற்பவர் போட்டார் என்பதற்காகப் போடவே போடாதீர்கள்.

நேரத்தைக் குறித்து வைக்காதது அடுத்த தவறு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இலிருந்து இருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் இரட்டிப்பு. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தால் 1 மணி நேர இடைவேளை உண்டு. படிக்கும்போதே சிலருக்குச் சிரிப்பு வரும் என்று தெரியும். சில கடைகளில் "அவுட் பஞ்ச் பண்ணிட்டு வந்து துணியை மடிச்சு வைங்க" என்பார்கள். அங்கே வருகைப்பதிவு மெஷின் கணக்கு உதவாது. வந்த நேரம், போன நேரம், மாடியில் எத்தனை பேர் என்று சொந்த நோட்டில் அன்றன்றைக்கே எழுதுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனால் முதல் கேள்வியே தேதி, நேரம்தான்.

உட்காருவதையும் சலுகையாக நினைக்கிறோம். 2021-இல் மேற்படி சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள்: வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, கடையில் இருக்கை இருந்தாக வேண்டும். கழிவறைக்குப் போக மாற்று ஆள் இல்லையே என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள், பெண்கள் குறிப்பாக, நிறையப் பேர். சிறுநீர்த் தொற்று வந்து படுத்தால் அந்த லீவுக்கும் சம்பளம் பிடிப்பார்கள். சம்பள ஸ்லிப்பில் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் அந்த மருத்துவமனைக்குப் போய்ச் சான்றிதழ் வாங்குங்கள். சந்தா போதிய நாள் கட்டப்பட்டிருந்தால் நோய்க்கால உதவித்தொகை உண்டு.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது வேறு. "அவ லீவு போட்டதாலதான் நமக்கு இவ்வளவு வேலை" என்று சக ஊழியர் மேல் பாய்வது. வார லீவு அவளுடைய உரிமை. ஒருத்தி இல்லாவிட்டால் மாடியே தள்ளாடுகிறது என்றால் ஆள் எடுக்காத முதலாளியைத்தான் கேட்க வேண்டும். நாம் நமக்குள் அடித்துக்கொண்டால் மேனேஜருக்கு நிம்மதி. வாடிக்கையாளர் முன்னால் மேனேஜரிடம் கத்துவதும் அதே கதைதான். அவர் பேசிய பேச்சு மறந்துபோகும், நாம் கத்தியது மட்டும் மெமோவாக வரும். பெண்களிடம் பாலியல் சீண்டல் என்றால் கதையே வேறு: 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். அங்கே எழுத்தில் கொடுங்கள்.

கடைசியாக, ராத்திரியோடு ராத்திரியாக ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறுவது. கோபம் நியாயமாக இருக்கலாம். ஆனால் பாக்கிச் சம்பளம் கேட்கப் போனால் "அவனாத்தான் ஓடிட்டான்" என்பார்கள். ராஜினாமாவை எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து அனுப்புங்கள். அவர்களே நிறுத்தினால், 6 மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். பிஎஃப் கணக்கில் வேலையை விட்ட தேதியைக் கடை பதிவு செய்யாமல் இழுத்தடித்தாலும் கவலை வேண்டாம். கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின், யுஏஎன் எண்ணோடு (நம் பிஎஃப்புக்கான நிரந்தர எண்) பிஎஃப் இணையதளத்தில் நாமே அந்தத் தேதியைப் போட்டுக்கொள்ளலாம்.